ஆவரைவிளையில் நாக்கு முளைத்தது

ஆவரைவிளையில் செல்போன்களுக்கு நாக்கு முளைத்தது ஒரு திங்கட்கிழமை காலையில். சார்ஜ் போடும் ஓட்டை வழியாக, முதலில் புளியந்தளிர் அளவுக்கு எட்டிப் பார்த்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு விரல் நீளத்துக்கு வளர்ந்து, இளஞ்சிவப்பாக, ஈரமாக, காய்ச்சல்காரன் உடம்புச் சூட்டோடு அது வெளியே வந்து தொங்கியது. ஊரில் ஒருவரும் அலறவில்லை, கையில் இருந்ததைக் கிணற்றில் எறியவில்லை, கோயில் மணியை அடித்துக் கூட்டம் கூட்டவில்லை. சட்டையில் ஒரு துடை துடைத்துவிட்டு, அப்டேட் வந்திருக்கும் போல என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு, பஜாரில் இருக்கும் கிருபாவதியின் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்து, நாக்கை எந்தப் பக்கம் ஒதுக்கிவிட்டு வயரைச் செருகுவது என்று மட்டும் கேட்டார்கள். வயரைக் கிட்டே கொண்டுபோனால் அதுவே ஒதுங்கிக்கொள்கிறது என்று மாலைக்குள் தெரிந்துவிட்டதால் அந்தக் கேள்வியும் முடிந்துபோனது.

கிருபாவதியிடம் ஏன் வந்தார்கள் என்றால், அவள்தான் ஊரார் போன்களில் செயலிகளைப் போட்டுக் கொடுப்பவள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், இணையத்தில் தேடித் துழாவி அந்த வாரம் கண்டெடுத்த ஒரு பயனுள்ள செயலியைப் பற்றி ஒரு சின்ன வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவது அவள் வழக்கம். தாளைப் படம் பிடித்துக் கோப்பாக்கும் செயலி, பேசப் பேசத் தமிழில் எழுதிக்கொள்ளும் செயலி, மலையாளத்தில் வரும் ஆர்டரைத் தமிழில் படித்துச் சொல்லும் செயலி, மொட்டைமாடியில் எலுமிச்சையும் மாங்காயும் காயவைத்தவர்களுக்கு மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்டும் செயலி, ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால் தெரிகிற அழுக்குச் சுவரை அழித்து வெள்ளையாக்கித் தரும் செயலி என்று அவளால் ஊருக்கு வந்து சேர்ந்தவை ஏராளம். எதையும் தன் போனில் போட்டுப் பார்க்காமல் அவள் அடுத்தவருக்குச் சொன்னதில்லை. பாட்டி காலத்து முறையிலேயே பாட்டிலில் அடைப்பவர்கள்கூட அவளால் மும்பைக்கு ஊறுகாய் விற்றார்கள்.

ஆவரைவிளை ஊறுகாய் ஊர். வீட்டுக்கு வீடு ஜாடி, தெருவுக்குத் தெரு மிளகாய்ப்பொடி நெடி. அங்கே யார் கையைத் தொட்டாலும் உப்பும் நல்லெண்ணெயும் பிசுபிசுக்கும், அந்த விரலுக்குத் தொடுதிரை கட்டுப்படாது, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று திறக்கும். அதனால் தன் போனில் தானே ஒரு செயலியைப் போட்டுக்கொண்டவர் அந்த ஊரில் கிடையாது. கிருபாவதியின் மேசையில் போனை வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள், அவள் தன் காய்ந்த சுத்தமான விரலால் எல்லாருடைய போனிலும் எல்லா அனுமதிகளையும் அவர்களுக்காக அழுத்திவிடுவாள். கேமரா, அனுமதி. மைக், அனுமதி. இருப்பிடம், அனுமதி. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போட்டுக் கொடுத்தது சுவைமானி. கேமராவை ஊறுகாய்க்கு மேலே காட்டினால் உப்பு கூடவா குறைவா, புளிப்பு ஏறிவிட்டதா என்று செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில் சொல்லும். இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை, இடத்தையும் அடைக்காது. அண்ணன் தங்கதுரையின் நார்த்தங்காய் ஊறுகாயில் வைத்துச் சோதித்தாள், சரியாகச் சொன்னது. கடைசியாக அது கேட்ட அனுமதிக்கு 'மற்றவை' என்று மட்டும் பேர் போட்டிருந்தது. மற்றவையில் என்ன இருந்துவிடப் போகிறது என்று அதையும் ஊர் மொத்தத்துக்கும் அழுத்திவிட்டாள்.

நாக்கு வந்ததும் சுவைமானி கேமராவை விட்டுவிட்டு நக்கிப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தது. இதை ஆவரைவிளை இவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அங்கே ஊறுகாய் வாங்க வருகிறவர் புறங்கையை நீட்ட வேண்டும், விற்கிறவர் அதில் ஒரு சொட்டு வைப்பார், வாங்குகிறவர் அதை நக்கிப் பார்த்துத் தலையசைத்தால்தான் விலை பேசுவார்கள். கரண்டியிலோ இலையிலோ வாங்கிச் சுவைத்தால் விற்கிறவரை நம்பவில்லை என்று பொருள். கை நீட்டுவதும் நக்குவதும் அந்த ஊருக்கு மரியாதை. ஆகவே ஜாடியை நக்கிய போன், ஜாடி பிடித்த கையையும் தானாக ஒரு நக்கு நக்கி, "உப்பு" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்து, "களைப்பு" என்றும் சொன்னபோது, ஊரார் சிரித்தார்கள். இத்தனை நாள் நாம நக்குனோம், இப்ப அது நக்குது, அவ்வளவுதானே என்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவே கூசுகிறது. குழந்தை அழுதால் தாய்மார் போனை அதன் கழுத்தில் வைத்தார்கள், அது நக்கிவிட்டு "பசி" என்றோ "காய்ச்சல்" என்றோ சொன்னது, சரியாகவே சொன்னது. சர்க்கரை நோய்க்காரர்கள் ஊசி குத்திக்கொள்வதை நிறுத்தினார்கள். கோபித்துக்கொண்டு வந்த மருமகன் கையை நக்கி, கோபம் தணிந்துவிட்டதா என்று மாமியார் பார்த்துக்கொண்டாள். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டுவது முறையாகிவிட்டது. வந்தவர் மனதில் பொறாமை இல்லை, பகை இல்லை என்று அது சொன்னபிறகுதான் நாற்காலி, பிறகுதான் காபி. எச்சிலைத் துடைக்க இடுப்பில் செருகிக்கொள்ளும் சின்னத் துவாலைக்குப் பஜாரில் தனிக்கடை வந்தது, பூவேலை செய்தது ஒரு விலை, வெறும் துவாலை ஒரு விலை. ஆலயத்திலும் சமாதானம் சொல்லும்போது கைகுலுக்குவதற்குப் பதிலாகப் போன்களை ஒருவர் கையில் ஒருவர் வைத்துக்கொண்டார்கள், அந்த நேரம் ஆலயம் முழுக்க ஒரு சளப்சளப் சத்தம் கேட்கும், போதகர் கண்ணை மூடிக்கொண்டு அது முடியும்வரை காத்திருப்பார்.

கிருபாவதிக்குக் குமட்டியது. வேறு நல்ல வார்த்தை அதற்கு இல்லை. முதல் நாள் அந்த நாக்கு தன் மணிக்கட்டில் பட்டபோது, அதன் சூடும் வழுவழுப்பும், நக்கிவிட்டு ருசியை நிதானமாக உள்ளே இழுத்துக்கொள்கிற அந்தச் சின்ன உறிஞ்சலும் சேர்ந்து அவள் குடலைப் புரட்டியது. கடைக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அன்றிலிருந்து மேசை மேல் எச்சில், மவுசில் எச்சில், பிரிண்டர் தாளில் எச்சில் வட்டம், அவள் கடையில் டெட்டால் வாசனை இல்லாத நேரமில்லை. சுவைமானியை நீக்கிப் பார்த்தாள். நாக்கு உள்ளே சுருண்டு, போனும் கூடவே செத்தது. வேறொரு போனில் எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகத் தொடங்கிப் பார்த்தாள். நாக்கு இன்னும் நீளமாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து வீடியோவில், இது நல்லதற்கில்லை, பழைய பட்டன் போனுக்குப் போய்விடலாம் என்று சொன்னாள். மறுநாள் கடைக்கு வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அண்ணன்தான் வீட்டில் வைத்து, நாக்கு பார்த்துச் சொன்ன ஊறுகாய் என்று பாட்டிலில் ஒட்டின பிறகுதான் ஆர்டர் இரண்டு மடங்காகியிருக்கிறது, உன் அருவருப்புக்கு ஊர் பட்டினி கிடக்க வேண்டுமா என்று கேட்டான். அனுமதியை அழுத்தியவள் அவளேதான்.

வாய்விட்டுச் சொல்வதை அவள் நிறுத்திக்கொண்டாலும் உடம்பு நிறுத்தவில்லை. அவளுக்கு முப்பது கடந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அம்மா அப்பா போனபிறகு அண்ணனும் மைனி செல்வராணியும்தான் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். நாக்கு வந்த பிறகு பெண் பார்ப்பதிலும் ஒரு முறை சேர்ந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் போன் பெண்ணின் மணிக்கட்டை நக்கும், பெண் வீட்டுப் போன் மாப்பிள்ளையின் மணிக்கட்டை நக்கும், அதற்குப் பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். சாத்தான்குளம் பக்கமிருந்து வந்த ஒரு நல்ல இடம் அப்படித்தான் போனது. நாக்கு அவள் கையில் பட்டது, பட்டவுடனேயே, "அருவருப்பு" என்று சபை நடுவில் சொன்னது. போன் மேல்தான் அருவருப்பு, பையன் மேல் இல்லை என்று செல்வராணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். எதன் மேல் என்று அது சொல்லாதே. வந்தவர்கள் கேசரியைத் தொடாமல் எழுந்து போனார்கள். கையே நீட்டாமல் இருந்து பார்க்கலாமென்றால், கை நீட்டாதவள் எதையோ மறைக்கிறாள் என்று ஊர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது.

எபனேசர் அவள் கடைக்கு வர ஆரம்பித்தது இதற்குப் பிறகு. கால்நடை மருந்தகத்தில் உதவியாளர், நாற்பதை நெருங்குகிறவர், படுத்த படுக்கையாயிருந்த அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் கல்யாண வயதைத் தாண்டவிட்டவர். செவ்வாய்க்கிழமைதோறும் தடுப்பூசி விவரங்களைக் கணினியில் ஏற்ற வருவார். சட்டையில் மாட்டுச் சாண வாசனையும் மருந்து வாசனையும் இருக்கும். போனைப் பைக்கின் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார், சாணி படக்கூடாதென்று வைக்கிறார் என்று கிருபாவதி நினைத்துக்கொண்டாள். அதிகம் பேசமாட்டார். அவள் ஏதாவது புதிதாகக் கண்டுபிடித்துச் சொன்னால், மாட்டின் மூக்கு ரேகையைப் படம் பிடித்தால் அது யார் வீட்டு மாடு என்று சொல்லும் செயலி, ஆட்டின் இருமலைக் கேட்டே நோயைச் சொல்லும் செயலி என்று எதையாவது காட்டினால், முழுதாகக் கேட்டுக்கொண்டு, இது எங்களுக்கு ஆகும், இது ஆகாது என்று காரணத்தோடு சொல்வார். அவள் சொன்னதை எல்லாம் தலையாட்டி வாங்கிக்கொண்டு டீ குடிக்கப் போகிறவர்களையே பார்த்துப் பழகிய கிருபாவதிக்கு, ஆகாது என்று ஒருவர் சொல்வது அவ்வளவு பிடித்திருந்தது. அவர் வராத செவ்வாய்க்கிழமைகளில் அவளுக்கு வேலை ஓடவில்லை.

அவர் அம்மா ஞானம்மாள் ஒருநாள் வீடு தேடி வந்து, முறையாகக் கையை நீட்டி நக்கக் கொடுத்து, "ஆசை" என்று அது சொன்னதும் வெட்கத்தோடு சிரித்து, பெண் கேட்டாள்.

செல்வராணி அன்று மாலையே கிருபாவதியை அடுக்களைக்குள் இழுத்தாள். "ஏட்டி, இந்த இடமும் போச்சுன்னா ஒங்க அண்ணன் இனி எங்கேயும் போய்க் கேக்க மாட்டாவ. எனக்கு மட்டும் அந்த நாக்குல இஷ்டமா சொல்லு? எனக்கும் மொதல்ல கொமட்டத்தான் செஞ்சுது. பழகிட்டேன். நீயும் பழகிக்கோ."

"முடியுமா மைனி?"

"மீன் கழுவப் பழகல? எல்லாம் பழகும்."

கிருபாவதிக்கு அந்த மனிதர் வேண்டும். அது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது. ஆகவே எந்தச் சிக்கலுக்கும் இணையத்தில் ஒரு வழி தேடுகிறவள் இதற்கும் தேடினாள். கிடைத்தது ஏற்கெனவே ஊருக்கு அவள் சொல்லிக் கொடுத்த ஒரு செயலிதான், விடியலில் எழவும், சர்க்கரை இல்லாத டீக்குப் பழகவும் பலருக்கு உதவியது. பிடிக்காத ஒரு காரியத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு நாளைக்கு ஒரு துண்டு கொடுக்கும், செய்து முடித்தால் திரையில் ஒரு பச்சைச் செடி கொஞ்சம் வளரும், செய்யாவிட்டால் வாடும். அதில் தன் காரியத்தை எழுதிப் போட்டாள். முதலில் நாக்கைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கச் சொன்னது. பிறகு ஒரு விரலின் நுனி. பிறகு விரல் முழுதும். புறங்கை. மணிக்கட்டு. அவள் கழிப்பறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தாள், வாந்தி எடுத்தாள், வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பவும் கையைக் கொடுத்தாள், செடி ஒரு இலை விட்டது. கொஞ்ச நாளில் வாந்தி நின்று குமட்டல் மட்டும் மிஞ்சியது. குமட்டலும் போய் உடம்பு கூசியது. கூச்சம் போனபிறகு, தோசை வேகிற நேரத்தில் ஒரு கையால் திருப்பிக்கொண்டே மறுகையைக் கொடுத்துவிட முடிந்தது. உண்மையிலேயே நல்ல செயலி அது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

செடி பூத்த அன்று போன் அவள் மணிக்கட்டை நக்கிவிட்டு, "இனிப்பு" என்றது. கிருபாவதி சந்தோஷத்தில் அழுதாள். அந்தக் கண்ணீரையும் அது எட்டி நக்கியது, அவள் முகத்தைத் திருப்பவில்லை. கடையில் டெட்டால் வாங்குவதும் நின்றுபோயிருந்தது, அது அவளுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு எபனேசரும் அம்மாவும் தாய்மாமாவும் வந்தார்கள். அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், அடையாளம் தெரியாத அளவுக்குச் சாண வாசனை இல்லாமல் இருந்தார். கிருபாவதி காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்து ஒரு தடவை லேசாகச் சிரித்தார், எதற்கோ உறுதி சொல்வது போன்ற சிரிப்பு அது, அவளுக்கு அப்போது புரியவில்லை. ஞானம்மாள் தன் போனை எடுத்து, எச்சில் சொட்டாமல் துவாலையை அடியில் பிடித்துக்கொண்டு நீட்டினாள். தங்கதுரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான். செல்வராணியின் உதடு ஜெபத்தில் அசைந்தது.

நாக்கு மணிக்கட்டில் ஏறி, நரம்பின் மேல் நிதானமாக ஒரு முறை போய், உள்ளே இழுத்துக்கொண்டது. "இனிப்பு," என்றது. இன்னும் கொஞ்சம் சப்பிப் பார்த்து, "வேறு எதுவும் இல்லை," என்றது.

செல்வராணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஞானம்மாள் கிருபாவதியின் கன்னத்தைத் தடவினாள். எபனேசர் மட்டும் காபி டம்ளரை உதட்டிலிருந்து இறக்கிக் கீழே வைத்துவிட்டு, அந்த ஈர மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். துடைக்கப் போகிறாளா என்று பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. கிருபாவதி கையை அப்படியே மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இனி ஆம்பிளைக்குப் பார்ப்பதெல்லாம் ஒரு பேருக்குத்தான் என்று சிரித்துக்கொண்டே தங்கதுரை தன் போனை எடுத்துவந்தான். எபனேசர் கையைப் பின்னால் இழுத்தார். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார். நாக்கு பட்ட இடத்திலிருந்து முழங்கைவரை அவருக்கு மயிர்க்கூச்செறிந்ததை எதிரில் இருந்த கிருபாவதி பார்த்தாள்.

"அருவருப்பு," என்றது போன். "மிக அதிகம்."

தங்கதுரை எழுந்து நின்று, யாரைப் பார்த்து என்று கேட்டான். என் தங்கச்சியைப் பார்த்தா, எங்க வீட்டைப் பார்த்தா என்று குரலை உயர்த்தினான். ஞானம்மாள் மகனின் தொடையைக் கிள்ளி, மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். எபனேசர் வேட்டி நுனியால் மணிக்கட்டைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தார்.

"நாள் பூரா என்னய மாடு நக்குது," என்றார். தங்கதுரைக்குச் சொல்லவில்லை, கிருபாவதியைப் பார்த்தே சொன்னார். "அதுல எனக்கு ஒண்ணுமில்ல. மாடு உப்புக்கு நக்குது, நக்கிட்டு அது பாட்டுக்குப் போயிரும். நான் யாரு, என்ன நெனைக்கேன்னு ஊருக்குச் சொல்லாது."

அவர் எழுந்தார். எழுந்தவர் உடனே போகவில்லை.

"அன்னைக்கு ஒங்க கடையில, யாரோ ஒரு அம்மா போனு ஒங்க கையில பட்டுட்டு. நீங்க பின்னால போயி கை கழுவுனீங்க. திரும்பி வந்து உக்காந்துட்டு, எந்திரிச்சுப் போயி மறுபடியும் கழுவுனீங்க. இந்த ஊர்ல என்ன மாதிரி இன்னொரு ஆளு இருக்காவன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதுக்குத்தான் கேட்டு வந்தேன்."

கிருபாவதி எழுந்து நின்றாள். போனை அவர் பெட்டியில் வைத்துப் பூட்டுவது எதற்கென்று இப்போது தெரிந்தது, அந்தச் சிரிப்பு எதற்கென்றும் தெரிந்தது. "எனக்கும் அப்பிடித்தான்," என்றாள். "நான் இன்னும் அப்பிடித்தான் இருக்கேன். ஒங்களுக்காகத்தான் பழகுனேன். நம்புங்க."

அவர் நம்ப விரும்பியது முகத்தில் தெரிந்தது. அது போதவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. வாய்ச்சொல்லை யாரும் எடுத்துக்கொள்ளாத ஊரில் அவளும்தானே இத்தனை நாள் இருந்தாள். தங்கதுரையின் கையிலிருந்த போனுக்கு நேராகத் தன் மணிக்கட்டை நீட்டினாள். அது ஆவலாக நாக்கை நீட்டிக்கொண்டு வந்தது. கிருபாவதி கண்ணை மூடிக்கொண்டு தனக்குள்ளே தேடினாள், வயிற்றின் அடியில், தொண்டைக் குழியில், முன்பு அந்தப் புரட்டல் கிளம்புகிற இடம் எல்லாவற்றிலும் தேடினாள், முதல் நாள் வாந்தியை நினைத்தாள், மேசை மேல் கிடந்த எச்சிலை நினைத்தாள், ஒரே ஒரு குமட்டல் வந்தால் போதும் என்று கெஞ்சினாள்.

"இனிப்பு," என்றது.

வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது, பிறகு பைக் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. செல்வராணி ஏதோ சொல்லி அழுதாள், தங்கதுரை தாய்மாமாவோடு வாக்குவாதத்தில் இருந்தான், போனை மேசையில் வைத்துவிட்டதே அவனுக்கு நினைவில்லை. கிருபாவதி அதன் பக்கத்தில் நின்றாள். கையை அவள் இன்னும் எடுக்கவில்லை. அது நக்கிக்கொண்டே இருந்தது, வெதுவெதுப்பாக, மெத்தென்று, அவளுக்கு இதமாக இருந்தது.